பெரிபெரி நோயும் தீட்டிய அரிசியும் – ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவ வரலாறு பெரும்பாலும் பேரறிஞர் சிலரின் வெற்றிகளைத் தொகுத்துக் கூறும் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நுணுக்குக்காட்டியின் முன் அமர்ந்த அறிஞர் ஒருவர் ஒருநாள் உண்மையைக் கண்டார். அன்றோடு நோய் அகன்றது என்னும் போக்கில் அமைந்த கதைகள் பாடநூல்களில் மலிந்து காணப்படுகின்றன. ஆயின் ஒரு நோயின் காரணம் அறியப்படுவதற்கும், அந்நோயால் மக்கள் இறவாதிருப்பதற்கும் இடையே நீண்ட காலம் கழிவதுண்டு. அக்காலத்தில் அரசுகளின் தேவை, வணிகத்தின் இலாபம், அறிஞரின் முற்கோள், எளியோரின் உடல் ஆகிய யாவும் ஆராய்ச்சியின் போக்கினை நிர்ணயிக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் கீழைத்தேயங்களில் பல்லாயிரவரைக் கொன்ற பெரிபெரி நோய் பற்றிய ஆராய்ச்சி இதற்குத் தக்க சான்றாகும். அது சோறுண்ணும் மக்களின் நோய். புழுங்கலரிசியை உணவாகக் கொண்ட தமிழருக்கும் அவ்வாராய்ச்சியில் ஓரிடம் உண்டு. அவ்வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயும் அதன் பின்னணியும்

பெரிபெரி நரம்புகளையும் இதயத்தையும் தாக்குவது. முதலிற் கால்கள் மரக்கும். பின்னர் நடை தள்ளாடும். ஒருவகை நோயாளரிடத்துத் தசைகள் வற்றி உடல் மெலியும். மற்றொரு வகையினரிடத்து உடல் வீங்கி, மூச்சுத் திணறி, இதயம் தளர்ந்து சடுதியாக மரணம் நேரும். 'பெரிபெரி' என்னும் பெயர் இயலாமையைக் குறிக்கும் சிங்களச் சொல் இரட்டித்து வந்தமையால் தோன்றியதெனப் பொதுவாகக் கூறப்படுகின்றது. பத்தாவியாவில் ஒல்லாந்தக் கம்பெனியின் வைத்தியராயிருந்த பொந்தியசு என்பாரின் நூல், அவர் இறந்தபின் 1642இல் வெளிவந்தது. இந்நோயை வருணிக்கும் அவர், பெயருக்கு வேறு விளக்கம் தருகின்றார். நோயாளர் நடை செம்மறியாட்டின் நடையை ஒத்திருந்தமையால் அவ்விலங்கின் பெயரையே மக்கள் நோய்க்கு இட்டனர் என்பது அவர் கூற்று.

இவ்வாறு பழைமையான இந்நோய் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயே பெருங்கொள்ளை நோயாக உருவெடுத்தது. அதற்கான காரணங்களை அக்காலப் பொருளாதார மாற்றங்களிற் காணலாம். நெல்லை உரலிலிட்டுக் குத்தும்போது உமி நீங்கும். தவிட்டின் ஒரு பகுதி அரிசியோடு எஞ்சும். நீராவியால் இயங்கிய ஆலைகளோ உமியோடு தவிட்டையும் முளையையும் முற்றாக அகற்றி, அரிசியைத் தீட்டி வெண்மையாக்கின. தவிட்டிலுள்ள எண்ணெய் விரைவிற் கெட்டு நாற்றமெடுக்கும். அது நீங்கிய அரிசியைப் பல மாதங்கள் களஞ்சியத்தில் வைக்கலாம். கப்பலேற்றிக் கடல் கடத்தலாம். எனவே வெண்ணிற அரிசி வணிகருக்கு உவப்பான பண்டமாயிற்று. உண்போரும் அதனை உயர்வாகக் கருதினர்.

இதே காலத்திற்றான் குடியேற்ற ஆட்சிகளும் புதிய தொழில் முயற்சிகளும் மக்களைப் பெருந்தொகையாக ஓரிடத்தில் திரட்டின. படைமுகாம், சிறைச்சாலை, போர்க்கப்பல், சுரங்கம், தோட்டம் ஆகியவற்றில் வாழ்ந்தோர் தம் உணவைத் தாமே தெரிவு செய்யும் உரிமையற்றவர். மலிவாகக் கிடைத்த ஆலையரிசியும் சிறிதளவு கறியுமே அவர்க்கு அளிக்கப்பட்டன. பெரிபெரி அத்தகைய இடங்களையே தேடிச் சென்று தாக்கியது போலத் தோன்றிற்று.

யப்பானியக் கடற்படை

நோய்க்கும் உணவுக்குமுள்ள தொடர்பைப் பேரளவிற் சோதித்துக் காட்டியவர் யப்பானியக் கடற்படை மருத்துவரான தக்காக்கி கனெகிரோ ஆவார். இலண்டனிற் புனித தோமசு மருத்துவமனையிற் பயின்று 1880இல் நாடு திரும்பிய இவர், மாலுமிகளைவிட அதிகாரிகளிடையே நோய் அருகியிருந்ததை அவதானித்தார். இருசாராரும் ஒரே கப்பலில் வாழ்ந்தனர், உணவே வேறுபட்டது. 1882-83இல் நியூசிலாந்து, சிலி, ஹவாய் வழியாகப் பயணஞ் செய்த 'ரியூஜோ' என்னும் கப்பலில் 376 பேர் இருந்தனர். அவருள் 169 பேர் பெரிபெரியால் தாக்கப்பட்டனர். 25 பேர் இறந்தனர். 1884இல் 'சுக்குபா' என்னும் மற்றொரு கப்பலை அதே வழியில் அனுப்புமாறு தக்காக்கி அரசை இணங்கச் செய்தார். இறைச்சி, பார்லி முதலியன அதன் உணவிற் சேர்க்கப்பட்டன. இப்பயணத்தில் நோயுற்றோர் மிகச் சிலரே, இறந்தவர் எவருமிலர். சில ஆண்டுகளுக்குள் கடற்படையிற் பெரிபெரி ஏறத்தாழ மறைந்தது.

புரதக் குறைவே நோய்க்குக் காரணமெனத் தக்காக்கி கருதினார். அவர் தந்த விளக்கம் தவறு; அவர் தந்த உணவு சரியானது. ஆயின் யப்பானியத் தரைப்படை மருத்துவர் இவரது முடிவை ஏற்றிலர். அவருட் பலர் செருமானிய மருத்துவ மரபிற் பயின்றவர். கொக் என்பார் 1882இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தபின், நோயென்றால் கிருமியென்னும் எண்ணம் மருத்துவ உலகை ஆட்கொண்டிருந்தது. பெரிபெரியும் கிருமியாலேயே தோன்றியிருத்தல் வேண்டுமென அவர் வாதிட்டனர். அவ்வாறு வாதிட்டோருள் மோரி ரிந்தாரோ என்பவரும் ஒருவர். மோரி ஓகாய் என்னும் பெயரில் நவீன யப்பானிய இலக்கியத்தில் உயரிடம் பெற்ற படைப்பாளியும் இவரே. 1904-05ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த உருசிய-யப்பானியப் போரில் தரைப்படையினர் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் பெரிபெரியால் வருந்தினர். ஏறத்தாழ 27,000 பேர் இறந்தனர். அதே போரிற் கடற்படையினர் அந்நோயால் பெரிதும் பாதிக்கப்பட்டிலர். ஒரே நாட்டின் இரு படைகள். ஒன்றிற் கண்டறியப்பட்டது இருபது ஆண்டுகள் கழிந்தும் மற்றொன்றைச் சென்றடையவில்லை.

பத்தாவியாவின் கோழிகள்

ஒல்லாந்தர் 1873இல் சுமாத்திராவின் ஆச்சே அரசுக்கெதிராகத் தொடங்கிய போர் பல்லாண்டுகள் நீடித்தது. அங்குப் போரிட்ட படையினரையும் சிறைக்கைதிகளையும் பெரிபெரி வீழ்த்தியமையால், 1886இல் பேக்கல்காரிங், விங்கிளர் ஆகிய இருவரைக் கொண்ட குழுவொன்றை ஒல்லாந்த அரசு அனுப்பியது. அவர்க்குத் துணையாகச் சென்றவர் கிறித்தியான் ஐக்மன் என்னும் இளம் படை மருத்துவர். இவர் பேர்லினிற் கொக்கிடம் பயின்றவர். குழுவினர் நோயாளரின் குருதியிற் பற்றீரியாக்களைக் கண்டதாகக் கருதிப் படைமுகாம்களைத் தொற்றுநீக்கம் செய்யுமாறு பரிந்துரைத்துத் திரும்பினர். பத்தாவியாவில் நிறுவப்பட்ட ஆய்வுகூடம் ஐக்மனின் பொறுப்பாயிற்று.

1889ஆம் ஆண்டளவில் ஆய்வுகூடக் கோழிகளிடையே விநோதமான நோயொன்று தோன்றியது. கால் தளர்ந்து விழுந்த அக்கோழிகளின் நரம்புகள் பெரிபெரி நோயாளரின் நரம்புகளைப் போன்று சிதைந்திருந்தன. ஐக்மன் கிருமியைத் தேடினார், கிடைக்கவில்லை. நோயுற்ற கோழிகளிலிருந்து பிறவற்றுக்கு நோயைத் தொற்றச் செய்யவும் இயலவில்லை. நவம்பர் இறுதியில் நோய் தானாகவே மறைந்தது. உசாவியபோது தீனி பற்றிய செய்தி வெளியாயிற்று. செலவைக் குறைக்கும் பொருட்டு ஆய்வுகூட ஊழியர் சூன் 17 முதல் படை மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்கு இட்டு வந்துள்ளார். பின்னர் புதிதாக வந்த சமையற்காரர் படையினரின் சோற்றைப் படையைச் சேராத கோழிகளுக்குத் தர மறுத்துவிட்டார். நவம்பர் 27உடன் அத்தீனி நின்றது, நோயும் நின்றது.

இந்நிகழ்ச்சி தற்செயலாக நேர்ந்ததெனக் கூறுவோர் உளர். தற்செயல் ஒரு குறிப்பை மட்டுமே தந்தது. அதனைச் சான்றாக்கியது அதன்பின் பல ஆண்டுகள் ஐக்மன் மேற்கொண்ட உழைப்பாகும். தீட்டிய அரிசியை உண்ட கோழிகள் நோயுறுவதையும், தவிடு நீங்காத அரிசியை உண்டவை நலமாயிருப்பதையும், நோயுற்றவை தவிட்டால் தேறுவதையும் அவர் மீண்டும் மீண்டும் சோதித்து நிறுவினார். எனினும் தம் கண்முன் இருந்ததற்கு அவர் தந்த விளக்கம் அவர் பயின்ற மரபைச் சார்ந்ததாகவே அமைந்தது. அரிசியின் மாப்பொருளில் ஒரு நஞ்சு தோன்றுகின்றதென்றும், தவிட்டில் அதற்கு மாற்று மருந்து உள்ளதென்றும் அவர் கருதினார். தீமை செய்யும் பொருளொன்று இருந்தே ஆகவேண்டும் என்னும் எண்ணத்திலிருந்து அவரால் அப்போது விடுபட இயலவில்லை.

சிறைச்சாலைகள் தந்த சான்று

கோழிகளுக்கு உண்மையாயிருப்பது மனிதருக்கும் உண்மையாகுமா என்னும் வினா எழுந்தது. யாவாவின் மருத்துவப் பரிசோதகரான வோடர்மன் இதற்கு விடை காண முற்பட்டார். யாவாவின் வெவ்வேறு பகுதிச் சிறைகளில் வெவ்வேறு வகை அரிசி வழங்கப்பட்டு வந்தமை அவருக்கு வாய்ப்பாயிற்று. ஏறத்தாழ 2,80,000 கைதிகள் இருந்த 101 சிறைகளின் விவரங்களை அவர் திரட்டி 1897இல் வெளியிட்டார். தவிடு பெரும்பாலும் நீங்காத அரிசி வழங்கப்பட்ட சிறைகள் 37. அவற்றுள் ஒன்றில் மட்டுமே பெரிபெரி காணப்பட்டது. இருவகை அரிசியும் கலந்து வழங்கப்பட்டவை 13. அவற்றுள் ஆறில் நோய் இருந்தது. தீட்டிய அரிசி வழங்கப்பட்டவை 51. அவற்றுள் 36இல் நோய் இருந்தது. கைதிகளின் தொகையைக் கொண்டு நோக்கின் வேறுபாடு மேலும் தெளிவாகும். முதல்வகைச் சிறைகளில் 10,000 பேருக்கு ஒருவர் நோயுற, இறுதிவகைச் சிறைகளில் 39 பேருக்கு ஒருவர் நோயுற்றார்.

வோடர்மன் இத்துடன் அமையவில்லை. கட்டடங்களின் பழைமை, தரையின் தன்மை, காற்றோட்டம், நெருக்கடி ஆகியவற்றையும் அவர் ஒப்பிட்டார். அவற்றுக்கும் நோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை. எதிர்வாதத்தை முன்கூட்டியே எண்ணி அதனைச் சோதித்தமை இவ்வாய்வின் சிறப்பாகும். ஆயினும் மருத்துவ உலகம் உடனே இதனை ஏற்றுக்கொள்ளவில்லை.

நோய்வாய்ப்பட்டு 1896இல் ஐக்மன் நாடு திரும்பியபின் ஆய்வைத் தொடர்ந்தவர் கெரிற் கிறைன்சு. அவர் கோழிகளுக்கு வேறு மாப்பொருள் உணவுகளையும், மிகையாக வெப்பமூட்டிய இறைச்சியையும் கொடுத்துப் பார்த்தார். அரிசியே இல்லாதபோதும் நோய் தோன்றியது. எனவே அரிசியில் நஞ்சுண்டென்னும் கொள்கை நிலைக்கவில்லை. பாசிப்பயறு நோயைத் தடுப்பதையும் அவர் கண்டார். நரம்புகளின் நலத்துக்கு இன்றியமையாத ஏதோவொரு பொருள் இயற்கை உணவுகளில் உண்டென்றும், அது இல்லாமையே நோயென்றும் 1901இல் அவர் முடிவு செய்தார். இந்நோயாராய்ச்சியின் திருப்புமுனை இதுவேயெனலாம். இருப்பதொன்றைத் தேடிய அறிவுலகிற்கு இல்லாததொன்றைக் காட்டுதல் எளிதன்று. இல்லாமையை நுணுக்குக்காட்டியிற் காணவியலாது; ஒப்பீட்டின் வாயிலாகவே அதனை உய்த்துணர முடியும். கிறைன்சு ஒல்லாந்த மொழியில் எழுதியமையும் அவரது முடிவு விரைந்து பரவாமைக்கு ஒரு காரணமாயிற்று.

மலாயாவும் தமிழர் உண்ட அரிசியும்

பிரித்தானியர் ஆட்சியிலிருந்த மலாயாவில் பெரிபெரியின் கொடுமை மிகுந்திருந்தது. நெகிரி செம்பிலானில் அரச மருத்துவராயிருந்த பிறாடன், அந்நாட்டின் மூன்று இனத்தாரும் வேறுபட்ட அளவில் நோயுறுவதை அவதானித்தார். வெள்ளீயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் பெருந்தொகையினராக நோயுற்றனர். தாம் விளைவித்த நெல்லை அவ்வப்போது குத்தியுண்ட மலாய்க் கிராமத்தவரிடையே நோய் அருகியிருந்தது. தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளரும் வறியோரே. அவரது குடியிருப்புக்களும் மேம்பட்டவையல்ல. ஆயினும் அவரிடையே பெரிபெரி ஏறத்தாழ இல்லையெனலாம். சீனர் உண்டது சீயத்திலிருந்து வந்த ஆலையரிசி. தமிழர் உண்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி. இவ்வேறுபாட்டைச் சுட்டி 1907இல் பிறாடன் ஒரு நூல் வெளியிட்டார். எனினும் நாட்பட்ட வெள்ளையரிசியிற் படரும் பூஞ்சணத்தின் நஞ்சே காரணமென அவரும் எண்ணினார்.

பிறாடனின் கருத்து கோலாலம்பூர் மனநோயாளர் காப்பகத்திற் சோதிக்கப்பட்டது. 1905 இறுதியில் மருத்துவர் பிளெச்சர் அங்கிருந்தோரை வரிசையாக நிறுத்தி எண்ணிட்டு, ஒற்றை எண்ணினரை ஒரு பிரிவாகவும் இரட்டை எண்ணினரை மற்றொரு பிரிவாகவும் வகுத்தார். ஒரு பிரிவினர்க்குச் சீயத்து வெள்ளையரிசியும் மற்றவர்க்குப் புழுங்கலரிசியும் வழங்கப்பட்டன. ஒவ்வொரு பிரிவிலும் ஏறத்தாழ 120 பேர் இருந்தனர். கட்டடமே நோய்க்குக் காரணமாகலாம் என்னும் ஐயத்தை நீக்கும் பொருட்டு இடையில் இருபிரிவினரின் விடுதிகளும் மாற்றப்பட்டன. ஓராண்டு முடிவில் வெள்ளையரிசியுண்டோருள் முப்பதுக்கு மேற்பட்டோர் பெரிபெரியுற்றிருந்தனர். 18 பேர் இறந்திருந்தனர். புழுங்கலரிசியுண்டோருட் காணப்பட்ட இரு நோயாளரும் காப்பகத்துக்கு வரும்போதே நோயுற்றிருந்தவர். அப்பிரிவில் பெரிபெரியால் எவரும் இறக்கவில்லை.

இதனையடுத்துக் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பிறேசர், ஸ்ரான்ரன் ஆகிய இருவரும் காட்டுப் பகுதியில் வீதியமைக்கச் சென்ற ஏறத்தாழ 300 யாவாத் தொழிலாளரை இரு பிரிவினராக்கி ஆராய்ந்தனர். அங்கு முன்னர் எவரும் வாழ்ந்ததில்லை. ஆதலின் இடத்திற் படிந்த கிருமியென்று கூற வழியில்லை. சில மாதங்களில் வெள்ளையரிசியுண்ட பிரிவிலேயே நோய் தோன்றியது. அவர்க்குப் புழுங்கலரிசி கொடுக்கப்பட்டதும் நோய் நின்றது. மற்றப் பிரிவினர்க்கு வெள்ளையரிசி கொடுக்கப்பட்டதும் அவரிடையே நோய் தோன்றியது. 1909இல் இம்முடிவு வெளியாயிற்று. பின்னர் அவ்விருவரும் பூஞ்சணக் கொள்கையையும் மறுத்து, தீட்டும்போது இழக்கப்படும் பகுதியிலேயே நோய் தடுக்கும் பொருள் உள்ளதெனக் காட்டினர். 1910இல் மணிலாவிற் கூடிய தூரகிழக்கு வெப்பமண்டல மருத்துவச் சங்கம், தீட்டிய வெள்ளையரிசியைத் தொடர்ந்து முதன்மையுணவாகக் கொள்ளுதலுடன் பெரிபெரி தொடர்புடையதெனத் தீர்மானம் நிறைவேற்றியது.

புழுங்கலரிசி ஏன் காத்தது?

நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்தி, அதன்பின் குத்துதல் தமிழ் மக்களின் நெடுநாளைய வழக்கம். ஊறும்போதும் அவியும்போதும் தவிட்டிலும் முளையிலும் உள்ள நீரிற் கரையும் சத்து நெல்மணியின் உட்பகுதிக்குச் சுவறுகின்றது. வெப்பத்தால் மாப்பொருள் பசைத்தன்மையுற்று இறுகி அச்சத்தைப் பற்றிக்கொள்கின்றது. எனவே பின்னர் ஆலையில் தீட்டினாலும், அரிசியை நீரிற் களைந்தாலும் பச்சையரிசியைப் போல அது முற்றாக இழக்கப்படுவதில்லை. நீலகிரியின் குன்னூரில் மக்கரிசன் 1918இல் தொடங்கிய ஆராய்ச்சியும், பின்னர் அங்கே ஏக்றொயிட் முதலியோர் தொடர்ந்த ஆய்வுகளும் இதனைத் தெளிவாக்கின. சென்னை மாகாணத்தின் வடபகுதியில், பச்சையரிசியுண்ட தெலுங்குக் கரையோர மாவட்டங்களிற் பெரிபெரி நிலவியது. புழுங்கலரிசியுண்ட தமிழ் மாவட்டங்களில் அது காணப்படவில்லை.

இதனைக் கொண்டு முன்னோர் இவ்வுண்மையை அறிந்தே நெல்லை அவித்தனரெனப் பெருமை கொள்ளுதல் வரலாற்று நெறிக்கு ஒவ்வாது. அவித்த நெல் எளிதில் உமி நீங்கும்; குத்தும்போது அரிசி நொறுங்குவது குறையும்; பூச்சியும் எளிதில் அணுகாது. இவ்வழக்கம் நிலைபெற்றதற்கு இக்காரணங்களே போதியவை. நோய் தடுக்கும் பயன் அவ்வழக்கத்தின் அறியப்படாத விளைவு. சடங்குகளிலும் உயர்ந்தோர் எனப்பட்டோரின் இல்லங்களிலும் பச்சையரிசிக்கே மதிப்பு இருந்தமை இதற்குத் தக்க சான்றாகும். அதேவேளை, இத்தகைய வழக்கங்களை ஆராயாது இகழ்ந்து ஒதுக்குதலும் அறிவுடைமையாகாது. பிறாடன் தம் வினாவைக் கண்டெடுத்தது தோட்டத் தொழிலாளரின் சோற்றுப் பானையிலேயாம். மக்களின் வழக்கம் வினாவைத் தருகின்றது. விடை காண்பதற்கு ஒப்பீடும் சோதனையும் வேண்டும்.

சத்தினைப் பிரித்தறிதல்

இல்லாத பொருள் யாது என்பதை அறியும் முயற்சி அடுத்து நிகழ்ந்தது. இலண்டனில் ஆய்வு செய்த போலந்து நாட்டினரான காசிமிர் பங்க், 1912இல் இத்தகைய பொருள்களுக்கு 'விற்றமின்' என்னும் பெயரை வழங்கினார். 1926இல் யான்சன், டொனாத் என்னும் இருவர் ஐக்மன் பணியாற்றிய பத்தாவியாவிலேயே 300 கிலோகிராம் தவிட்டிலிருந்து ஏறத்தாழ 100 மில்லிகிராம் பளிங்குப் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதன் அமைப்பை முற்றாக அறிந்து செயற்கையாக ஆக்கியவர் நெல்லூரிற் பிறந்த அமெரிக்கரான றொபேட் வில்லியம்ஸ். 1910இல் மணிலாவில் தவிட்டுச்சாறு ஒன்றை ஆராயத் தொடங்கிய அவர் 1936இல் அப்பணியை நிறைவு செய்தார். அப்பொருளே இன்று தயமின் அல்லது விற்றமின் பி1 எனப்படுகின்றது. மாப்பொருளிலிருந்து உடல் சக்தி பெறுவதற்கு அது இன்றியமையாதது என்பதை 1930களில் ஒக்ஸ்போட்டிற் பீற்றர்ஸ் முதலியோர் புறாக்களைக் கொண்டு நிறுவினர். சோற்றை மிகுதியாகவும் பிறவற்றைக் குறைவாகவும் உண்டோரை நோய் தாக்கியமைக்கும், உடலில் அச்சத்துச் சில வாரங்களுக்கே சேமிக்கப்படுவதால் உணவு மாறிச் சில காலத்தின் பின்னரே நோய் தோன்றியமைக்கும் இவ்வாறு காரணம் புலனாயிற்று.

ஐக்மன், ஹொப்கின்ஸ் ஆகிய இருவருக்கும் 1929இல் நொபெல் பரிசு வழங்கப்பட்டது. நோயுற்றிருந்த ஐக்மனாற் பரிசு விழாவுக்குச் செல்ல இயலவில்லை. மறு ஆண்டு அவர் காலமானார். இல்லாமையே நோய் என முதலிற் கூறிய கிறைன்சு அப்பரிசிற் பங்கு பெறவில்லை.

மதிப்பீடு

இவ்வரலாற்றை நோக்குவோர்க்கு மூன்று உண்மைகள் புலப்படும். முதலாவது, சரியான கொள்கையும் அளவிறந்த நம்பிக்கையால் இடையூறாகலாம் என்பது. கிருமிக் கொள்கை மருத்துவத்தின் பேறுகளுள் ஒன்று. கொலராவையும் காசத்தையும் விளக்கிய கொள்கை அது. எல்லா நோய்க்கும் அதுவே விளக்கமெனக் கொண்டபோது அது கண்மறைத்தது. தக்காக்கி, ஐக்மன், பிறாடன் ஆகிய மூவரும் தவறான விளக்கங்களைத் தந்தனர். எனினும் தம் அவதானிப்பை விளக்கத்திற்காக வளைக்கவில்லை. ஆதலினாலேயே பின்வந்தோரால் அவர்களது சான்றைக் கொண்டு அவர்களது விளக்கத்தைத் திருத்த முடிந்தது.

இரண்டாவது, இவ்வறிவுக்கு விலை கொடுத்தோர் யாவர் என்பது. சிறைக்கைதிகள், மனநோயாளர், வீதிக் கூலிகள் ஆகியோரின் உடல்களே சான்றாயின. அவரது சம்மதம் கேட்கப்படவில்லை. அவரது பெயர்களும் ஆய்வேடுகளில் இடம்பெறவில்லை. வெள்ளையரிசி அன்றாட உணவாகவே வழங்கப்பட்டு வந்ததென ஆய்வாளருக்காக வாதிடலாம். எனினும் கோலாலம்பூரில் ஓராண்டு முடியும்வரை ஒரு பிரிவினர் அவ்வுணவிலேயே வைக்கப்பட்டனர் என்பதும், அவருள் 18 பேர் இறந்தனர் என்பதும் மறக்கத்தக்கவையல்ல. இரண்டாம் உலகப் போரின்பின் மருத்துவ ஆய்வுக்கு உட்படுவோரின் சம்மதம் அடிப்படை நெறியாக வலியுறுத்தப்பட்டமை இத்தகைய பின்னணியில் வைத்து நோக்கத்தக்கது.

மூன்றாவது, காரணம் அறியப்பட்டமையால் மட்டும் நோய் ஒழியவில்லை என்பது. 1910இல் அறிஞர் தீர்மானம் நிறைவேற்றிய மணிலாவைக் கொண்ட பிலிப்பைன்சிலேயே பெரிபெரி மேலும் பல பத்தாண்டுகள் குழந்தைகளைக் கொன்றது. 1940களின் இறுதியில் அந்நாட்டின் பத்தான் மாகாணத்தில் தயமின் சேர்த்த அரிசி விற்பனை செய்யப்பட்டபோது இறப்புக்கள் பெரிதும் குறைந்தன. ஆலைகளும் சந்தையும் மாறாதவரை ஆய்வுகூடத்தின் முடிவு ஏட்டிலேயே நின்றது. அண்மைக் காலத்திலும் இதற்குச் சான்றுண்டு. 2003இல் இஸ்ரேலிற் பால் மாவுக்கு மாற்றாக விற்கப்பட்ட ஒரு சோயா உணவில் தயமின் போதியளவு சேர்க்கப்படாமையால் கைக்குழந்தைகள் சில இறந்தன. வேறு சில நிலையான பாதிப்புக்கு உள்ளாயின. விற்றமினின் அமைப்பை உலகம் அறிந்து அறுபத்தேழு ஆண்டுகள் கழிந்தபின் நேர்ந்த இறப்புக்கள் அவை.

பத்தாவியாவிலே ஒரு சமையற்காரர் கோழிகளுக்கு மறுத்த சோறு, சிறையிலும் காப்பகத்திலும் இருந்த மனிதருக்குப் பல ஆண்டுகள் தொடர்ந்து வழங்கப்பட்டது. அச்சோற்றை மறுக்கும் உரிமை அவர்க்கு இருக்கவில்லை. ஒரு நோயின் காரணத்தை ஆராய்வோர் நோயாளரின் உடலோடு அவரது உணவுத் தட்டையும், அத்தட்டில் உணவிடும் கையையும் சேர்த்து நோக்குதல் வேண்டும் என்பதே பெரிபெரியின் வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.